யோகனின் வயிற்றில் நாலு தழும்புகள்

யோகன் சட்டையின் கீழ் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றான். கைகள் இரண்டும் பிடரியில் கோர்த்திருந்தன. கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். செட்டிபாளையம் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் வீதியில், மணல் மூட்டை அடுக்கிய ஒரு சென்ரி, இராணுவக் காவலரண். பஸ்ஸிலிருந்து சோதனைக்காக இறங்கி வரிசையில் நடந்த சனம், அவனுடைய வெறும் வயிற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரிக் கடந்து போனது.

சீருடை போட்ட ஒருவன் ஒரு ஈர்க்கால் அந்த வயிற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். சிங்களத்தில், "எக்காய், தெக்காய், துனாய், ஹதராய்." ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றும் வட்டமாகத் தடித்துப்போன ஒரு சின்னத் தழும்பு. நாலையும் போட்டவள் நான்தான்.

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் மட்டக்களப்புப் பகுதியில் ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர். யோகன் என் நோயாளி. சுனாமி வந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. கிழக்கில் சண்டை ஓய்ந்துவிட்டது என்று வானொலி சொன்னது. வடக்கில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் குறைந்து சோதனை கூடியிருந்த காலம்.

போன கிழமை ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நீங்கள் பிழைவிட்ட கதை எதையும் எழுதமாட்டீர்களா?" ஐயா, பொறுங்கள். அந்தக் கதைகளும் என்னிடம் தாராளமாக இருக்கின்றன. இது அந்த வகை இல்லை. படித்தபடி, சொன்னபடி, எல்லாவற்றையும் சரியாகச் செய்த கதை இது. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

பயறு பொறுக்கிய நிபுணர்

அதற்குச் சில வருடம் முந்தித்தான் நான் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். நுண்துளைச் சத்திரசிகிச்சை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். எங்கள் சனம் அதற்கு வைத்த பெயர் 'கமரா ஒப்பரேசன்'. வயிற்றைக் கிழித்துத் திறக்காமல், சின்னத் துளைகள் வழியே கமராவையும் கருவிகளையும் உள்ளே விட்டு, திரையைப் பார்த்துச் செய்வது.

நான் நாற்பதைத் தாண்டியவள். கூட இருந்தவர்கள் எல்லோரும் மீசை அரும்பிய டொக்டர்மாரும், பின்னல் போட்ட டொக்டர்மாரும். ஆளுக்கொரு பெட்டி தந்தார்கள். ரப்பர் மூடியில் மூன்று துளை. ஒன்றில் கமரா, மற்ற இரண்டில் முழ நீளத்துக்கு மெல்லிய இடுக்கிகள். பெட்டிக்குள் ஒரு சோசரில் பச்சைப் பயறு. ஒவ்வொரு பயறாக எடுத்துப் பக்கத்துச் சோசரில் போட வேண்டும். இதுதான் முதல் பாடம்.

சிரிக்காதீர்கள். கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்ளே இடுக்கியின் நுனி இடப்பக்கம் போகும். மேலே தூக்கினால் கீழே இறங்கும். தோணியில் தண்டு வலிக்கிறவர்களுக்கு இது விளங்கும், பிடி ஒரு பக்கம் வந்தால் அலகு மறுபக்கம் போகும். வயிற்றுத் தோலில் உள்ள துளைதான் இங்கே தண்டு கட்டிய முளை. போதாததற்குத் திரை தட்டையானது. எது கிட்ட இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை.

பல வருடமாக வயிறு திறந்து பழகிய என் கை, ஒரு பயற்றைப் பிடிக்க முடியாமல் பெட்டி முழுக்கத் துரத்திக்கொண்டு திரிந்தது. எங்களுக்குப் பழக்கியவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், சிங்களவர், தங்கமான மனுசன். "அக்கே, பயறு எங்கேயும் ஓடாது, மெதுவாக" என்றார். பக்கத்துப் பெட்டிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

அன்றைக்கே அரைக்கிலோ பயறு வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போனேன். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டுப் பழகினேன். பழகி மிஞ்சின பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுத் தின்றேன். கோபத்தில் சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருந்தது.

பயிற்சி முடியும்போது பயறு, தோடம்பழத் தோல், கோழித் தோல் எல்லாம் தாண்டி, நூலை உள்ளேயே முடிச்சுப் போடுகிற அளவுக்கு வந்திருந்தேன். அதைவிட முக்கியம், சில காரியங்கள் மண்டையில் ஏறியிருந்தன. முதல் ஊசி கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் போகிறது, அதனால் அந்த ஒரு கணத்தில் அவசரமே கூடாது. காற்றை நிரப்பி வயிறு கூடாரம் மாதிரி உயர்ந்த பிறகு, மற்ற ஒவ்வொரு கருவியும் கமராவின் கண்முன்னால்தான் உள்ளே நுழைய வேண்டும். எதை வெட்டுகிறோம் என்று தெளிவாகத் தெரியும்வரை கத்தரிக்கோலைத் திறக்கவே கூடாது. தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்துவிட வேண்டும், அது தோல்வி இல்லை.

துளைகளை எங்கே போடுவது என்று படம் படமாக வரைந்தோம். பித்தப்பைக்கு நாலு: தொப்புள் ஓரமாக ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலப்பக்க விலா ஓரமாக இரண்டு. நோவு குறைவு, கிழமைக்குள் நடமாடலாம், தழும்பு மிகச் சிறிது. ஆறின பிறகு அந்தத் தழும்பு பார்க்கிறவன் கண்ணுக்கு எதைப்போல இருக்கும் என்பது அங்கே பேசப்படவில்லை. கொழும்பில் அதற்கு என்ன அவசியம்?

போர்வைக்குள் இருந்த கமரா

கடல் அடித்த சனத்துக்குக் கம்பளிக் குல்லாவும் பனிச் சப்பாத்தும் வந்து குவிந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் குவியலோடு ஒரு நல்ல காரியமும் வந்தது. யாரோ ஒரு தூரதேசத்துப் புண்ணியவான் அனுப்பிய கமராக் கருவித் தொகுதி. பாவிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் எங்கள் ஒப்பரேசன் தியேட்டர் மூலையில் அது போர்வை மூடிக் கிடந்தது. தியேட்டரின் மூத்த தாதி புனிதா மிஸ்ஸி அதற்குக் கிட்ட எவரையும் விடமாட்டார். நான் பயிற்சி முடித்து வந்த அன்றைக்குப் போர்வையை எடுத்து உதறிவிட்டு, "இனி உங்கட பொறுப்பு" என்றார்.

யோகன் அந்தக் கமராவுக்கு ஆரம்பத்திலேயே கிடைத்த நோயாளிகளில் ஒருவன். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கட்டட வேலைக்குப் போகும் மேசன். இருபத்தைந்து வயதில் பித்தப்பைக் கல் வருவது அபூர்வம். அவர்கள் குடும்பத்தில் இரத்தச் சிவப்பணு கெதியாக உடைந்து போகும் ஒரு பரம்பரைக் குணம் இருந்தது, அப்படிப்பட்டவர்களுக்குக் கல் சிறு வயதிலேயே விழும். தகப்பனைக் கடல் கொண்டுபோயிருந்தது. தாய் பாக்கியமக்காவும், படித்துக்கொண்டிருந்த தம்பி தயாளனும், யோகனின் உழைப்பில்தான் இருந்தார்கள்.

"டொக்டர், பெரிசா வெட்டுவீங்களா?" என்று பாக்கியமக்கா கேட்டார்.

"ஏன் கேக்கிறீங்க?"

"இவன் ஒவ்வொரு நாளும் எத்தினையோ சென்ரி தாண்டிப் போறவன். உடம்புல தழும்பு கிடந்தா, எங்க பட்ட காயம் எண்டு கேப்பானுகள். எங்கட பக்கத்து வளவுப் பொடியன, மாடு முட்டின தழும்புக்குக் கொண்டு போனவனுகள். மறுகா அவன் வந்து சேர எவ்வளவு காலம் செண்டது தெரியுமா?"

நான் உற்சாகமாகிவிட்டேன். இதற்காகத்தானே பயறு பொறுக்கினேன்! "பாக்கியமக்கா, பயப்படாதீங்க. இது கமரா ஒப்பரேசன். நாலு பொட்டு மாதிரித்தான் இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

ஒப்பரேசன் அழகாக நடந்தது. பித்தக் குழாயும் இரத்தக் குழாயும் தெளிவாகத் தெரிந்தன, ஒரு சொட்டு இரத்தம் வீணாகவில்லை. மறுநாள் யோகன் எழுந்து நடந்து போய்த் தேத்தண்ணி குடித்தான். மாணவர்களைக் கூட்டிவந்து அவன் வயிற்றைக் காட்டி, "பாருங்கள், ஒரு மேசன் அடுத்த கிழமை வேலைக்குப் போகப் போகிறார்" என்றேன். அவனும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

சில மாதத்தில் துளைகள் ஆறின. ஆனால் அவனுடைய தோல் தழும்பு தடிக்கிற தோல். நாலும் உருண்டு திரண்டு, வட்டமாக, கறுத்துப் போயின. ஷெல் துண்டு பட்டு ஆறின காயம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்படியே இருந்தன.

விரிவுரை

அந்த முற்பகல் கிளினிக்கில் நான் இருந்தபோது பாக்கியமக்கா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"டொக்டர், யோகனப் பிடிச்சு வெச்சிரிக்கானுகள். நீங்க போட்ட ஓட்டையளத்தான் காட்டிக் காட்டிக் கேக்கிறானுகளாம். ஒருக்கா வாங்க, உங்களக் கும்பிட்டன்."

காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணாடியில் டொக்டர் என்று ஒட்டிய கார் அது. மற்ற நாட்களில் அதே சென்ரியில் கையசைத்து என்னை விட்டுவிடுவார்கள், நான் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. அன்றைக்கு இறங்கி நடந்து போனேன். யோகன் சட்டையைக் கடித்துக்கொண்டு நின்ற காட்சியை அப்போதுதான் கண்டேன். ஒரு பக்கக் கன்னம் சிவந்து வீங்கியிருந்தது.

தகரக் கொட்டிலுக்குள் இருந்த மேலதிகாரி என்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டார். எனக்குச் சிங்களம் தெரியும். இது என் நோயாளி, பித்தப்பை எடுத்த துளைகள் இவை என்றேன். அவர் நம்பவில்லை. ஷெல் துண்டு பட்ட உடம்புகளைத் தான் எத்தனையோ பார்த்தாயிற்று, இவனும் சண்டைக்குப் போனவன்தான் என்றார். தன் தாய்க்கும் பித்தப்பை எடுத்தார்கள் என்று சொல்லி, எழுந்து நின்று, கையின் ஓரத்தால் தன் விலாவுக்குக் கீழே சாய்வாக நீளமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அதுதான் ஆஸ்பத்திரி வெட்டு, ஓட்டைக்குள்ளால் யார் பித்தப்பை எடுப்பார்கள் என்று கேட்டார்.

யோகனின் கையை இறக்க விடுங்கள் என்றேன். முதலில் விளக்கம் சொல்லுங்கள் என்றார்.

அவரை யோகன் நின்ற இடத்துக்குக் கூட்டிப்போய் விரிவுரையைத் தொடங்கினேன். பட்ட வெயிலில், நடு வீதியில், கொழும்பில் எனக்குச் சொல்லித்தந்த அதே ஒழுங்கில். இது கமரா போன துளை. இதனால் இடுக்கி. இங்கேதான் கத்தரிக்கோல். ஒவ்வொரு தழும்பிலும் என் விரலை வைத்தேன். விரல் பட்டபோதெல்லாம் அந்த வயிறு உள்வாங்கி நடுங்கியது. சட்டை நுனி எச்சிலில் நனைந்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. பஸ் சனம் பார்த்தது. அவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்த முகங்கள்.

பாக்கியமக்கா கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினார். எடுத்த கல்லை நோயாளியிடமே கொடுத்துவிடுவது எங்கள் தியேட்டர் வழக்கம். சனம் அதைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்தடியில் வைத்திருக்கும். மிளகு போலக் கறுத்த கற்கள். மேலதிகாரி அதைக் காதுக்குக் கிட்டக் குலுக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார், அவர்களும் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால்தான் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

விட்டார்கள். நான் "ஸ்தூதி, மஹத்தயா" என்று நன்றி சொன்னேன். கன்னம் வீங்க அடித்த இடத்தில் நின்று நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இத்தனை வருடமாகத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. ஆனாலும் வெட்கம் போகவில்லை.

காரில் திரும்பும்போது பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. "அந்தக் கமரா ஒப்பரேசன் என்ன எண்டு அவருக்கு இப்ப விளங்கிட்டுது. இனிப் பிரச்சினை இருக்காது யோகன்" என்றேன்.

"அடுத்த சென்ரியில வேற ஆள் நிப்பான் டொக்டர்" என்றான்.

"அவர் வயித்துல கையால கோடு இழுத்து என்னமோ காட்டினாரே, அது என்னது?" என்று வைத்தியசாலையில் இறங்கும்போது பாக்கியமக்கா கேட்டார். தன் தாயின் ஒப்பரேசன் வெட்டைக் காட்டினார் என்று சொன்னேன். பாக்கியமக்கா தன் விலாவுக்குக் கீழே விரலால் அதே கோட்டை இழுத்துப் பார்த்தார்.

ஒரு வேண்டுதல்

யோகன் வேலைக்குப் போவதை விட்டுவிட்டான். வந்தாறுமூலைக்குப் போகும் வழியில் அத்தனை சென்ரி. பாக்கியமக்கா தென்னந்தும்புத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் அவன் கிளினிக்குக்கு வந்தான். நோவு, காய்ச்சல் ஒன்றும் இல்லை என்றான். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"டொக்டர், ஒண்டு கேப்பன், ஏசக் கூடாது."

"கேளுங்க."

"இந்த நாலையும் சேத்து ஒரே வெட்டா வெட்டித் தைச்சு விட ஏலாதா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "பேய்க்கதை கதைக்காதீங்க. ஒரு வருத்தமும் இல்லாத வயித்த நான் ஏன் வெட்டுறது?" என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி திரும்பிப் பார்த்தார்.

அவன் எழுந்து, "ஓம், சரி டொக்டர். கேட்டுப் பாத்தன்" என்று சொல்லிவிட்டுப் போனான். என் கோபம் அவன்மேல் இல்லை என்பது கதவு சாத்தின பிறகுதான் எனக்கே தெரிந்தது. திறமான கை என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தக் கதிரையில் கிடந்து என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

தம்பியின் முறை

அதே இரத்தம். அதே கல். வடக்கில் சண்டை முடியும் தறுவாயில் இருந்தபோது தயாளனைக் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்திருந்தது, வந்தாறுமூலைக்கே. கண் மஞ்சளாகி, வலியில் முறுகிக்கொண்டு கிடந்தான். மருந்து கொடுத்து வலியையும் மஞ்சளையும் தணித்துவிட்டு, ஒப்பரேசனுக்கு நாள் வைத்தோம்.

"கமரா வேணாம் டொக்டர்" என்றார் பாக்கியமக்கா. "பெரிசா வெட்டுங்க."

நான் விடவில்லை. பெரிய வெட்டு என்றால் எவ்வளவு நோவு, இருமினால் எப்படி இருக்கும், எத்தனை நாள் படுக்கை, பிறகு அந்த இடம் பலவீனமாகிக் குடல் தள்ளிக்கொண்டு வரலாம், கிருமி தொற்றலாம், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நல்ல டொக்டர் சொல்ல வேண்டிய எதையும் நான் மறைக்கவில்லை. பாக்கியமக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்று தலையாட்டிவிட்டு, முடிவில் மறுபடியும் அதையே சொன்னார்.

தயாளனிடம் திரும்பினேன். "உங்கட வயிறு. நீங்க சொல்லுங்க."

"அண்ணா மாதிரி வீட்டுக்குள்ள கிடக்க ஏலா டொக்டர். நான் கம்பசுக்குப் போகோணும்" என்றான். "வெட்டுங்க."

தியேட்டரில் புனிதா மிஸ்ஸி வழமைபோலக் கமராவைத் துடைத்து, திரையை என் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தார். நான் கையை நீட்டிப் பெரிய கத்தியைக் கேட்டேன். அவர் தரவில்லை. "உள்ளுக்க ஏதும் சிக்கலா டொக்டர்? ஸ்கேன் நல்லாத்தானே இருந்த?" என்று கேட்டார்.

"உள்ளுக்க ஒரு சிக்கலும் இல்லை" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தியைத் தந்துவிட்டு, திரையின் சுவிட்சை அணைக்கப் போனார். விலாவுக்குக் கீழே சாய்வாக வெட்டினேன். தேவைக்கு மேலே இன்னும் கொஞ்சம் நீட்டினேன். தைக்கும்போது, தையல் அடையாளம் வெளியே தெரியும்படி தடித்த நூல் கேட்டேன்.

மூன்றாம் நாள் வார்டில் கட்டைப் பிரித்தோம். தயாளனுக்கு இருமல் வந்தது. தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய இருமினான். பாக்கியமக்கா மகனின் தலையைத் தடவிக்கொண்டே, குனிந்து வெட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது. என்னுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"வடிவா வெட்டியிரிக்கிறீங்க டொக்டர்" என்றார். "ஆர் பாத்தாலும் ஆசுபத்திரி வெட்டு எண்டு விளங்கும்."